அக்காவின் இலையில் சாமைதான்

வந்திருக்கும் உறவுகளுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் வணக்கம். வாசலைத் தாண்டும்போதே அடுப்பு வாசனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆம், அக்காவின் முதலாண்டுப் படையலுக்கு வேகிறது சாமைதான். பொன்னி அரிசி ஒரு மணிகூட உலையில் இல்லை. "இன்னா இது, இவங்க வூட்ல இல்லாததா?" என்று கேட்கப்போகிறவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். அதனால் நான் மூடவில்லை, பதில் எழுதுகிறேன்.

நான் அக்காவுக்கு ஒரே தங்கை. ஐந்தாவதோடு நின்றவள். மீதிப் படிப்பு மளிகைப் பொட்டலத் தாளில் படித்தது. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது வடக்கனந்தலில். எங்களுக்கு இருந்தது வானம் பார்த்த கொல்லை. அதில் நெல் விளையாது, வீட்டில் நெல் சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான். மற்ற நாளெல்லாம் சாமை. அந்தச் சாமை அக்காவுக்கு ஆகவே ஆகாது. வாயில் வாங்கி இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போல வேலியோரம் போய் முருங்கை மரத்தடியில் துப்பிவிட்டு வருவார். "நம்ம முருங்கை கொழுத்ததே உங்க அக்கா துப்புன சோத்துலதான்" என்பார் அம்மா. அடித்தும் பார்த்தார், வெல்லம் வைத்தும் பார்த்தார். அக்கா மசியவில்லை. "பசி ருசி அறியாதுடி" என்று அம்மா சொன்னால், "பசிக்கறவனுக்குத்தாம்மா ருசி தெரியும். வேற இன்னா இருக்குது அவங்கிட்ட?" என்று திருப்பிக் கேட்டவர் அக்கா. அப்போது அவருக்கு வயது பத்து இருக்கும்.

அக்காவுக்குக் கல்யாணம் வைத்தது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த ஆண்டுகளில். படிப்பிலும் வேலையிலும் பங்கு கேட்டு ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்திருந்த நேரம். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்துவிட்டார்கள். கள்ளக்குறிச்சியில் அப்பா சொல்லி வைத்திருந்த அரிசியும் மளிகையும் அங்கேயே நின்றுபோயின. தெருவில் வீடு வீடாகக் கேட்டதில் இருபது பேருக்குக் காணும் அரிசி சேர்ந்தது. வரப்போவதோ இருநூறு பேர்.

அப்பாவுக்குச் சந்தையில் பழக்கமான கரியாலூர்க்காரர் ஒருவர், கல்யாணத்துக்குச் செய்முறையாக இரண்டு மூட்டை சாமையைத் தன் மகனோடு மலையிலிருந்து சுமந்து இறக்கியிருந்தார். அதை வாங்கி, நாலு பேர் கண்ணில் படாமல் மாட்டுக்கொட்டகையில் போட்டிருந்தோம். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அதை அவரும் பார்த்தார்.

மூட்டையைப் பிரித்தவர் அக்காதான். நலங்கு வைத்த மஞ்சள் கையோடு, பட்டப்பகலில், குண்டானை முன்னால் வைத்துக்கொண்டு சாமையை அரிக்க உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் ஊற்றி ஆட்டி ஆட்டி, மேலே மிதக்கும் சாமையை அடுத்த சட்டிக்குச் சாய்த்தால் கல் அடியில் நின்றுவிடும். அதுதான் அரிப்பது.

அம்மா பதறினார். "ஏண்டி, கல்யாணப் பொண்ணு கைய வெச்சிக்கினு சும்மா உக்கார மாட்டியா?"

"நீ அரிச்ச சோத்தத்தான் இத்தினி வருசமா துப்பிக்கினு இருந்தேன். நாலு தண்ணி மாத்தணும்மா. நீ ரெண்டோட நிறுத்திடுவ."

"ஆங், இப்ப சொல்றா பாரு மகராசி!"

வெறுத்தவருக்குத்தான் அதில் என்ன குறை என்று தெரியும். நான் பொட்டலத் தாளில் படித்தது எதிலும் இந்தப் பாடம் இல்லை.

அப்பா ஒரு யோசனை சொன்னார். இருக்கிற அரிசியை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களுக்குப் பொங்கிவிடலாம், நம் ஆட்களுக்குச் சாமை போடலாம் என்றார். அக்கா எழுந்து நின்றார். "பங்கு கேட்டுத்தானப்பா ஜனம் ரோட்ல உக்காந்துக்கினு இருக்குது. நம்ம வூட்டுப் பந்தியிலயே ரெண்டு சோறா? அந்த அரிசிய கைப்புள்ளைங்களுக்கு கஞ்சி வெச்சி ஊத்துங்க." அப்பா அரிசியைக் கஞ்சிக்கு எடுத்துக் கொடுத்தார்.

மாப்பிள்ளை வீட்டார் எலவனாசூர்கோட்டையிலிருந்து வரப்பு வழியாக நடந்தே வந்து சேர்ந்தார்கள். தாலி ஏறியது. கொல்லைப் பூசணியும் மொச்சையும் போட்ட குழம்போடு பந்தி விரித்தோம். இலையில் சாமை விழுந்ததும் மாமாவின் பெரியப்பா (அக்காவின் வீட்டுக்காரரை நான் மாமா என்பேன்) கையை எடுத்துவிட்டார்.

"இன்னாங்க சம்பந்தி இது? எங்க பக்கம் ஒண்ணும் இல்லாதவன் திங்கறது. பொண்ணு குடுக்கறீங்களா, மானத்த வாங்கறீங்களா?"

அவரைப் பார்த்து ஒரு வரிசையே எழுந்தது. அப்பா கைகூப்பினார். பந்தி கலைந்தால் அந்தச் சம்பந்தமே கலைந்த மாதிரிதான்.

மணமேடையிலிருந்து அக்கா இறங்கி வந்தார். மாலையோடு பெரியவருக்கு எதிரில் பாயில் உட்கார்ந்து, "எனக்கு ஒரு இல போடுங்க" என்றார். மணப்பெண் முதல் பந்தியில் உட்காரும் வழக்கம் எங்களிடம் கிடையாது. "பெரிய மாமா, நாலு தண்ணி மாத்தி நானே அரிச்சது. வாயில ஒரு கல்லு பட்டா எழுந்து போங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

எனக்கு அப்போது பதினாலு வயது. சோற்றுக் கூடையோடு பக்கத்தில் நின்றிருந்தேன். அக்கா வாங்கிய முதல் கவளம் இடது கன்னத்தில் போய் நின்றது. அந்தக் கன்னத்தை எனக்குத் தெரியும். முருங்கை மரம் பத்தடி தூரத்தில்தான் இருந்தது.

அக்கா விழுங்கினார்.

பிறகு இரண்டாவது கவளம். அடுத்து மாமா வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் ஒண்ணு போடுங்க" என்றார். எழுந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பெரியவர் மறுசோறு கேட்டார் என்று கதை சொல்வார்கள். கேட்கவில்லை. ஆனால் அவர் இலையை எடுத்தவள் நான். அதில் ஒரு பருக்கை மீதி இல்லை.

பல வருடம் கழித்துக் கேட்டேன். "அன்னிக்கு ருசியாவா இருந்துச்சுக்கா?"

"சீ! வீராப்புல முழுங்கனேன்."

"அப்ப எப்பத்தான் புடிச்சுது?"

"தெரியலடி. சின்னவன் பொறந்தப்புறம் ஒரு நாளு களை எடுத்துட்டு வந்தேன். ஆறுன சாமையில மோர ஊத்தி, வெங்காயத்த கடிச்சிக்கினு குந்தியிருந்தேன். பாத்தா சட்டி காலி. அப்பறம் நெனச்சிப் பாத்தா, எனக்கு சாமை புடிக்காம இல்ல. கல்லுதான் புடிக்கல."

புகுந்த வீட்டில் அக்கா பட்டது கொஞ்சமல்ல. மாமாவுக்குக் கால் ஒடிந்து கிடந்த இரண்டு வருடம் ஏர் முதல் களம் வரை அக்காதான். இரண்டு மகன்களையும் கல்லூரிக்கு அனுப்பினார். அன்று ரோட்டில் உட்கார்ந்து கேட்ட பங்கில்தான் பெரியவனுக்கு இடம் கிடைத்தது. "மரம் சாஞ்சது வீண்போவல" என்று அன்றைக்கு எல்லோருக்கும் சாமைப் பாயசம் கொடுத்தார்.

கடைசி நாட்களில் சர்க்கரை உடம்பை உருக்கியது. சாமை சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொன்னபோது, படுக்கையில் இருந்தபடியே, "நீங்க சொல்லித் திங்கலங்க, நான் முன்னாடியே திங்கறவ" என்றார். ஆஸ்பத்திரி ரொட்டியைத் தொடவில்லை. கடைசியாக வாங்கிக்கொண்டதும் மோர் ஊற்றிய சாமைக் கஞ்சிதான். நான்தான் புகட்டினேன். கன்னத்தில் ஒதுக்கவில்லை.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். முருங்கைக் கதையை நான் விசேஷத்துக்கு விசேஷம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். சொல்லிச் சொல்லி, அக்காவுக்குச் சாமையே ஆகாது என்று குடும்பத்தில் பதிந்துபோனது. கருமாதிப் படையலில் பிடித்தது எல்லாம் வைத்தோம் என்று நினைத்துப் பொன்னிச் சோறும் வடையும் வைத்தார்கள். அழுகையில் எனக்கும் நினைவில்லை. இலையை மடித்த பிறகுதான் உறைத்தது. ஒரு வருடமாக அது எனக்குத் தொண்டையில் கல்.

இந்த முறை படையலுக்குச் சாமைதான் என்று சொன்னேன். பெரியவன் தயங்கினான். "சித்தி, அம்மா துப்பிக்கினு இருந்தாங்கன்னு நீங்கதான சொல்வீங்க? வர்றவங்க இன்னா நெனப்பாங்க?" நான் வாயைத் திறக்குமுன் மாமா சொன்னார்: "வர்றவங்க நெனச்சதெல்லாம் உங்கம்மா அன்னிக்கே பாத்துட்டா."

சாமை கொடுத்தனுப்பியவர், அன்று மூட்டை சுமந்து வந்த கரியாலூர்க்காரரின் மகன். அவருக்கும், அக்காவைப் பகலும் இரவும் பார்த்துக்கொண்ட நர்ஸ் பெண்களுக்கும், தோளில் தூக்கி வண்டி ஏற்றிய தெருப் பிள்ளைகளுக்கும், நேற்று முழுக்க என்னோடு உட்கார்ந்து அரித்த பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பு. பெரியவனும் ஒரு குண்டான் அரித்தான்.

நாலு தண்ணீர் மாற்றியிருக்கிறோம். கல் தட்டுப்பட்டால் என் கண்ணைத் திட்டுங்கள், அக்காவை ஒன்றும் சொல்லாதீர்கள். அக்காவின் இலைக்கும் உங்கள் இலைக்கும் ஒரே உலைச் சோறு. பந்தி விரித்தாயிற்று, உட்காருங்கள்.