அபயமும் அபாயமும்

1950களில் கோட்டைப்பட்டினத்தில் தமிழாசிரியராக இருந்தேன். புயலில் கடலுக்குப் போன கணவர் திரும்பாமல் தவித்த கதீஜா, நாகையிலிருந்து வந்த கார்டை, வாத்தியார் படித்தால்தான் சரியாக இருக்கும் என்று தபால்காரரோடு என்னிடம் கொண்டுவந்தார்.

"என்ன எழுதியிருக்காங்க, படிச்சுச் சொல்லுங்க சார்."

"உங்கள் கணவர் இங்கே அபாயம்" என்று அவசரமாகப் படித்தேன். அவர் அப்படியே மணலில் சரிந்தார். தபால்காரர் கார்டை உற்றுப் பார்த்தார்.

"சார், இது 'பா' இல்ல, 'ப'. அபயம்னுல்ல இருக்கு."

மறுபடி பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. அபயம் என்றால் பயமின்மை, அடைக்கலம். அபாயமோ வேறு வேரில் பிறந்த சொல். கேடு என்று பொருள். வகுப்பில் நானே நடத்திய பாடம்.

"பத்திரமா இருக்காரும்மா. நான்தான் தப்பாப் படிச்சுட்டேன்."

கதீஜா என்னைத் திட்டவில்லை. "இன்னொரு தடவ படிங்க சார்" என்றார். விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தேன்.

கணவர் மறுவாரம் வந்து சேர்ந்தார். இன்றும் யார் கடிதத்தையும் மனத்துக்குள் ஒருமுறை படித்த பிறகே வாய் திறக்கிறேன்.