கருமாதிக்கு எழுதிய எட்டு வரி

இரங்கற்பா என்றால் இறந்தவரை நினைத்து வருந்திப் பாடும் பாட்டு என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் பக்கத்தில் அதைக் கருமாதியன்று போட்டோவுடன் அச்சடித்து, சாப்பிட வருகிறவர்கள் கையில் கொடுப்பார்கள். தமிழ் வாத்தியார் வீட்டில் சாவு என்றால், அச்சகத்தில் கிடக்கும் பழைய பாட்டில் பெயரை மாற்றிப் போட்டுவிட முடியுமா? அப்பாவுக்கு நானே எழுத வேண்டியதாயிற்று.

எழுத உட்கார்ந்தபோது வருத்தத்தைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. காரணம் மதினி. அப்பா கடைசிவரை கீரமங்கலத்தில் அண்ணன் வீட்டில் இருந்தார். நான் கீரனூரிலிருந்து வாரம் ஒருமுறை எட்டிப் பார்ப்பேன். சில வாரம் அதுவும் இல்லை. சாவன்று நான் உள்ளே நுழைந்த நேரம் பார்த்து மதினி ஒப்பாரியை மாற்றினார்.

"ஒரு வாய்த் தண்ணிக்குத் தவிச்சீங்களே மாமா, கல்லு மனசக் கண்டீங்களே..."

ஒப்பாரியில் யாரை வேண்டுமானாலும் குத்தலாம். குத்துப்பட்டவர் பதில் பேசக் கூடாது. பங்காளிச் சண்டை, போடாத நகை எல்லாம் அப்படித்தான் வெளியே வரும். பெண்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பார்த்ததாக எனக்குப் பட்டது. எனக்குச் சந்தேகப் புத்தி என்று மனைவி சொல்வாள். இருக்கட்டும். பேசத்தானே கூடாது, எழுதலாமே என்று நினைத்தேன்.

ஏழு வரி அப்பாவுக்கு. எட்டாவது வரி மதினிக்கு: "அருகிருந்தும் நீர்தராதார் அழுகின்றார் இங்கே." மோனை தானாக வந்து விழுந்தது. அண்ணன் படித்துவிட்டு, "நல்லாருக்குடா" என்றான். தெரிந்துதான் சொல்கிறானோ என்று அதிலும் எனக்கு ஒரு சந்தேகம்.

கருமாதியன்று பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே மதினி அந்தத் தாளோடு கொல்லைப்பக்கம் வந்தார். நான் சண்டைக்குத் தயாராக நின்றேன்.

"தம்பி, இது ஒங்களுக்கு எப்படித் தெரியும்? ஒங்க அண்ணன்கிட்டகூட நான் சொல்லலையே."

"எது?"

"அன்னைக்குக் காலையில தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. நான் சொம்பத் தூக்கி அங்கிட்டு ஒளிச்சு வச்சுட்டேன். மத்தியானம் போய்ச் சேந்துட்டாரு. அதத்தான் சொல்லி அழுதேன். எனக்குத்தான் தம்பி கல்லு மனசு."

"ஏன் ஒளிச்சு வச்சீங்க?"

மதினி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல குடுத்தா கிட்னிக்கு ஆகாதுன்னு திருச்சி டாக்டர் சொன்னாருன்னு நீங்கதானே போன்ல சொன்னீங்க? அழுது கேட்டாலும் குடுத்துராதீங்கன்னீங்களே."

சொல்லியிருந்தேன். பள்ளிக்கூட இடைவேளையில், அவசரமாக, ஒரே ஒரு தடவை.

"உள்ளதத்தான் எழுதியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மதினி பந்திக்குப் போய்விட்டார்.

நான் வாசலுக்கு ஓடினேன். பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர்களிடம், "ஒரு தப்பு விழுந்துருச்சு, அந்தத் தாளக் குடுங்க" என்று கேட்டுக் கேட்டு வாங்கினேன். பாதிப் பேர் திருப்பிக் கொடுத்தார்கள். மதினியிடம் போய்க் கேட்க மட்டும் எனக்கு வாய் வரவில்லை.