ஏனுங்க என்று கூப்பிட்டேன்

எங்கள் ஜில்லா கிரிக்கெட் சங்கத்தில் மைதானங்களைப் பார்த்து அனுமதி கொடுப்பவன் நான். சூலூர் மைதானத்தில் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு ஒன்று இருந்தது. பந்து அவ்வளவு தூரம் போகாதென்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

முதல் ஆட்டத்திலேயே மில்லின் வெள்ளைக்காரத் துரை அடித்த பந்து உயரே போனது. அதைப் பிடிக்க, பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் அண்ணாந்து பார்த்தபடியே பின்னால் ஓடினார். என்னைவிட மூத்தவர். கிணறு நினைவுக்கு வர, “ஏனுங்க வாத்தியாரே” என்று கூப்பிட்டேன்.

“இருங்க, வாரேன்” என்றார், பந்திலிருந்து கண்ணெடுக்காமல்.

அடுத்த வார்த்தையை நான் சொல்வதற்குள் கிணற்றில் விழுந்துவிட்டார். கோடையில் தண்ணீர் வற்றி, அடியில் வெறும் பாறைதான். பிணமாகத்தான் தூக்கினோம்.

கிணறு இருக்கும் மைதானத்துக்கு இப்போது நான் கையெழுத்துப் போடுவதில்லை. ஆபத்தென்றால் யாராக இருந்தாலும் ‘நில்லு’ என்றுதான் கத்துகிறேன். மரியாதை தெரியாதவன் என்று பேர் வாங்கிவிட்டேன். இருக்கட்டும்.