காலி அறைக்குக் காரணம்

கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு மாணவர்கள் வைத்த பெயர் குளவி. கொட்டுவாள் என்பதற்காக இல்லை. கொட்டவும் செய்வாள், அது வேறு விஷயம்.

அவள் வீட்டுச் சமையலறை பிளக் ஓட்டைகளில் குளவிகள் மண் பூசிக் குடியேறி மூன்று வருடமாகிறது. தொடக் கூடாது என்பது அக்காவின் உத்தரவு. பிளக்கைச் சுற்றி, மாணவர்கள் கடையில் விட்டுப்போன பேனாக்களின் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழல்களையும் கட்டிவைத்தாள். குளவிகள் அதிலும் வந்து வரிசையாக அறை கட்டின. அறைக்கொரு முட்டை, அது பொரிந்தால் தின்னச் சில சிலந்திகள், பிறகு மண்சுவர். வாசலை ஒட்டிய கடைசி அறையை மட்டும் காலியாக விட்டு மூடின.

வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன் என்பதுதான் இதில் கொடுமை.

“ஊருக்கெல்லாம் லைன் இழுத்துக் குடுக்கறேன். என் வீட்டு மிக்ஸி ஹால்ல உக்காந்து அரைக்குது.”

“அரைக்குதுல்ல? அப்புறமென்ன?”

அக்கா முன்பு எதிர்க் கல்லூரியில் தற்காலிகமாக விலங்கியல் நடத்தியவள். வேலை முடிந்தபோது அறைச் சாவியைத் திருப்பித் தர அவகாசம் கொடுத்தார்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் திறக்கும் பாஸ்வேர்டு அன்று சாயங்காலமே செத்துப்போனது.

குளவிகள் அந்தக் கடைசி அறையை ஏன் காலியாக விடுகின்றன என்று அக்கா பார்த்துப் பார்த்து ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தாள்; அதைக் கட்டுரையாக எழுத வேண்டும். இதே காலி அறையைப் பற்றி ஒரு பேராசிரியர் எப்போதோ எழுதியிருந்தார். இணையத்தில் சுருக்கம் மட்டும் சும்மா கிடைத்தது. ‘இதற்கான காரணம் இக்கட்டுரையில் ஆராயப்படுகிறது’ என்று முடிந்தது. கீழே ஒரு பூட்டுப் படம். திறக்க அவர்கள் கேட்ட விலையைப் பார்த்து அக்கா கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டாள். ஆனால் அதைப் படிக்காமல் அவளால் ஒரு வரி எழுத முடியாது. அவர் சொன்ன காரணமும் தன் காரணமும் ஒன்றென்றால், மூன்று வருடம் பழைய சேதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றாகிவிடும்.

கட்டுக்கட்டாகப் பிரிண்ட் எடுக்க வரும் ஆய்வு மாணவனைக் கேட்டாள்.

“தம்பி, உனக்கு உள்ள போக வழியிருக்குல்ல, இதை எடுத்துக் குடேன்.”

“அந்தப் பத்திரிகைக்குக் காலேஜ் சந்தாவை நிறுத்திட்டாங்கக்கா. கிடைக்கறதைத்தான் நாங்க மேற்கோள் காட்டறோம்.”

“இதெல்லாம் படிச்சியா?”

“பிரிண்ட் எடுத்தாச்சுல்ல.”

ஊரில் உள்ள தாளையெல்லாம் நகலெடுத்துத் தருகிறவளுக்கு அந்த ஒன்று மட்டும் கைக்கு வரவில்லை. கடைசியில் அந்தப் பேராசிரியர் வேலை பார்த்த துறையில் கேட்டு, அவர் நம்பரை வாங்கிக் கூப்பிட்டாள்.

“சார், உங்க குளவிக் கட்டுரை ஒரு காப்பி வேணும்.”

“எனக்கும்தாம்மா வேணும்.”

“புரியல சார்.”

“ரிட்டையர் ஆனதும் என் பாஸ்வேர்டை நிறுத்திட்டாங்க. வீட்ல இருந்ததைக் கரையான் சாப்டுடுச்சு. பூச்சிக்காரன் வீட்ல வேற என்ன நடக்கும். உங்களுக்குக் கிடைச்சா எனக்கும் ஒண்ணு அனுப்புங்க.”

அக்கா மேசையில் கிடந்த தாள்களைத் தட்டி நேராக்கினாள். ஏற்கெனவே நேராகத்தான் இருந்தன.

“காரணத்தையாவது சொல்லுங்க சார். அந்தக் காலி அறை எதுக்கு?”

“தெரியலன்னுதான் முடிச்சேன்.”

“ஆராயப்படுகிறதுன்னு போட்டிருக்கே.”

“ஆராஞ்சேனே. கிடைக்கல.”

அக்கா மிஷினை அணைத்தாள். காத்திருந்த மாணவன் பாதி நகலோடு நின்றான்.

“நான் பாத்தேன் சார். பொடிக் குளவி ஒண்ணு, எறும்பைவிடச் சின்னது, வெளிய நின்னு மண்சுவத்துல ஊசி விட்டு முட்டை வைக்குது. அடுத்தவன் பிள்ளையைத் தின்னு வளர்ற ஜாதி. அந்த அறையில பிள்ளையே இல்ல, அது முட்டை வீணாப்போச்சு. உள்ள இருந்ததுங்க தப்பிச்சிடுச்சு. ஒரு குழல்ல இல்ல சார், பல குழல்ல.”

மறுமுனையில் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

“சார்?”

“இருக்கேம்மா. எழுதுங்க.”

“எங்க போடறது சார்?”

“பூட்டு இல்லாத இடமாப் பாத்துப் போடுங்க. நான் படிக்கணும்.”

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“அப்ப பிளக்கு?”

“எழுதறதுக்கு முன்னாடி இன்னும் கொஞ்ச நாள் பாக்கணும்.”

மறுநாள் அவள் கடையிலிருந்து வந்தபோது மிக்ஸி சமையலறையில் இருந்தது. எதிர்ச் சுவரில் புது பிளக். ஆணி அடித்தால் சுவர் அதிரும் என்று ஒயரை முழுக்கப் பசை போட்டு ஒட்டியிருந்தார்.

“இதுல மூடி போட்டிருக்கேன்,” என்றார். “உன் ஆளுங்ககிட்ட சொல்லிவை.”