'அன்' என்ற இரண்டெழுத்து

அது ஜூன் பள்ளி விடுமுறையின் இரண்டாம் சனிக்கிழமை. எனக்குப் பத்து வயது; தொடக்கநிலை நான்காம் வகுப்பு. நாள் கிழமையோடு எழுதிவைக்கும் பழக்கம் அப்போதே இருந்ததால் இதில் ஐயமில்லை. சிங்கப்பூர் கிளமெண்டியில் எங்கள் வீட்டுக்குச் சித்தியைப் பெண் பார்க்க ஒருவர் வந்துபோனார். திருச்சிக்காரர், கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர்.

அவர் படியிறங்கியதும் விசாரணை தொடங்கியது. தலைமுடிக்குச் சாயம் பூசுவதை அவர் தானாகவே சொல்லியிருந்தார்.

"யாரு கேட்டா? பெருசா எதையோ மறைக்கத்தான் சின்னதைச் சொல்றான்" என்றார் அப்பா.

வண்டியே வராத சாலையில் அவர் பச்சை விளக்குக்காக நின்றதை அம்மா ஜன்னல் வழியே பார்த்தார். அதுவும் நடிப்பாகவே பட்டது.

முதலாளி தந்த நற்சான்றுக் கடிதத்தை அவர் விட்டுப்போயிருந்தார். அப்பாவின் ஆங்கிலம் தேக்கா சந்தையில் பேரம் பேசுவதோடு சரி. கடிதத்தைச் சித்தியிடம் நீட்டினார். சித்தி நிதானமாகப் படித்து மடித்தார்.

"பெரிய இங்கிலீஷா இருக்கு அத்தான். பாப்பாகிட்ட குடுங்க, அதுதான் ஸ்பெல்லிங்ல ஃபர்ஸ்ட்டு."

கடிதத்தில் வந்தவரின் குணத்தைப் பற்றி ஒரே வரி: 'ஸ்க்ரூபுலஸ் டு எ ஃபால்ட்.' முதல் சொல்லை நாளிதழில் பார்த்திருந்தேன். வீடு புதுப்பித்துத் தருவதாக ஏமாற்றிய ஒப்பந்தக்காரரைப் பற்றிய செய்தி. அங்கே முன்னால் 'அன்' என்று இரண்டெழுத்து ஒட்டியிருந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசிச் சொல்லுக்குக் குற்றம் என்று பொருள் தெரியும்.

"மோசடி பண்றவருன்னு போட்டிருக்குப்பா. குத்தம் வேற இருக்காம்."

"பாத்தியா! மொதலாளியே எழுதிக் குடுத்திருக்கான். அது தெரியாம தூக்கிட்டு வந்திருக்கான்."

சித்தி மட்டும் கேட்டார்: "ஷுவரா சொல்றியா?"

"ஷுவர் லா சித்தி."

மறுநாளே வேண்டாமென்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

உயர்நிலைப்பள்ளியில் அகராதி புரட்டும்போது அந்தச் சொல் மீண்டும் எதிர்ப்பட்டது. இம்மியும் பிசகாத நேர்மை என்று பொருள். 'அன்' சேர்ந்தால்தான் மோசடி. கடிதத்து வரி முழுவதுமாகச் சொன்னது, அளவுக்கு மிஞ்சிய நேர்மைக்காரர் என்பதைத்தான். பதறிப்போய்ச் சித்தி வீட்டுக்கு ஓடினேன். அதற்குள் அவர், கிளினிக்கில் அந்த நாளிலேயே தன்னோடு வேலைபார்த்தவரை மணந்திருந்தார். மகளுக்குச் சோறூட்டிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

"டாக்டருக்கு தெனமும் இங்கிலீஷ்ல லெட்டர் டைப் பண்றவடி நான்."

வீடு திரும்பி, பழைய நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். அந்தச் சனிக்கிழமைக்கு எதிரே இரண்டு வரிகள்: 'மோசக்காரரைக் கண்டுபிடித்தேன். சாயங்காலம் சித்தி ஐஸ் கச்சாங் வாங்கித் தந்தார்.' வந்தவரின் தலைமுடிவரை சந்தேகப்பட்ட வீட்டில் இருந்தும், முதல் வரிக்கு அடுத்து இரண்டாம் வரி ஏன் வந்தது என்று அந்தப் பிள்ளைக்குக் கேட்கத் தோன்றவில்லை.