காய்ச்சல் இல்லாதவருக்குத் துண்டு இல்லை

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் மருந்து கொடுக்கிறவனாக இருந்தேன். டாக்டருக்குப் படித்தவனில்லை, ஆனாலும் சனங்களுக்கு நான் ‘டாக்டர் ஐயா’. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் கூடுவதற்கு முன்னால், உடம்புக்கு முடியாதவர்கள் டிஸ்பென்சரி வாசலில் வரிசையாக நிற்பார்கள். வாயில் தெர்மோமீட்டரை வைப்பேன். சூடு இருந்தால் லீவுத் துண்டு, இல்லாவிட்டால் மலைக்கு வேலைக்குப் போகவேண்டியதுதான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது. என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பன்றிக் காய்ச்சல் வந்த வருஷம், சனங்கள் குடியிருக்கும் லயத்துக்கு லயம் இருமல். என்னோடு வேலை பார்த்தது ஒரு மருத்துவிச்சி மட்டும்தான். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் பிறந்தவர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பிரசவமும் பார்த்துக்கொண்டு, காய்ச்சல்காரர் வீடுகளுக்கும் ஏறி இறங்கினார். கடைசியில் அவருக்கும் வந்தது. ஒரு வாரம் படுத்தார். காய்ச்சல் விட்டது என்று கேள்விப்பட்டதும் ஆளனுப்பி வேலைக்குக் கூப்பிட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு பத்து நாள் இருக்கும். ஒரு காலையில் வரிசையில் மற்றவர்களோடு அவரும் நின்றார். அதுவே எனக்கு எரிச்சல்.

“விரல் மடங்க மாட்டேங்குதுங்க ஐயா. முட்டியெல்லாம் வீங்கியிருக்கு. எதுலயும் மனசு ஒட்ட மாட்டேங்குது. பதுளை ஆஸ்பத்திரியில காட்டிட்டு, ரெண்டு வாரம் படுத்து எந்திரிச்சு வாரேன். ஒரு துண்டு தாங்க.”

கூட வேலை செய்கிறவர் வாயிலும் தெர்மோமீட்டரை வைத்தேன். சூடு இல்லை.

“காய்ச்சலே இல்லியே நர்ஸம்மா. நோவு உடம்புல இல்ல, மனசுல. நாலு லயம் ஏறி இறங்குங்க, சரியாப் போயிரும்.”

வரிசையில் ரெண்டு பேர் சிரித்தார்கள். அவர் கண் சிவந்திருந்தது. மருந்து நெடி என்று நினைத்துக்கொண்டேன். அது எனக்கு நானே சொன்ன பொய். அவர் போனால் அத்தனை லயமும் என் தலையில் விழும், அந்தப் பயத்தில்தான் துண்டு கொடுக்கவில்லை. அவர் பையைத் தூக்கிக்கொண்டு லயத்துப் பக்கம் போனார்.

அடுத்த மாதம் எனக்கு வந்தது. காய்ச்சல் அஞ்சே நாளில் போய்விட்டது, ஆனால் மூட்டுக்கு மூட்டு வலி. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. ஒருநாள் பல் விளக்கிக்கொண்டிருந்தவன், ஒரு காரணமும் இல்லாமல் தேம்பித் தேம்பி அழுதேன். பயந்துபோய் பதுளைக்கு ஓடினேன். அங்கே யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் என் விரல்களை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“காய்ச்சல் விட்டிட்டுது எண்டாப்போல எல்லாம் முடிஞ்சுது எண்டில்லை. உடம்புக்குள்ளை அழற்சி கிடக்கு. சில பேருக்கு அது மனசையும் போட்டு அமத்தும். நோயாளியளோடை கிடந்து மாயிற எங்களுக்குப் பயமும் அலைச்சலும் வேற. போய் ஓய்வெடும்.”

வீட்டுக்கு வந்து எனக்கு நானே துண்டு எழுதிக்கொண்டேன். ரெண்டு வாரம். தெர்மோமீட்டரை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. என்னை வரிசையில் நிறுத்த யார் இருக்கிறார்கள்? கையெழுத்துப் போட்ட பிறகுதான் நர்ஸம்மா ஞாபகம் வந்தது. கூசிப்போனேன். உடனே ஆளனுப்பிக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று படுத்துக் கிடந்தேன்.

நாலாம் நாள் மத்தியானம் அவரே வந்தார். மருந்து அலுமாரிச் சாவியை மேசையில் வைத்தார். வேலையை விடுவதாகத் தோட்டத்துத் துரையிடம் கடிதம் கொடுத்துவிட்டாராம். முந்தின நாள் பிரசவத்தில், பிறந்த குழந்தை அவர் கையிலிருந்து நழுவப் பார்த்ததாம். பக்கத்தில் நின்ற மாமியார்க்காரி பிடித்துக்கொண்டாளாம்.

“புள்ளைக்கு ஒண்ணும் ஆகலைங்க. ஆனா இந்தக் கைய நம்பி இனி ஒரு புள்ளைய வாங்க மாட்டேன்.”

“இப்பவே துண்டு எழுதித் தாரேன் நர்ஸம்மா. தொரைகிட்ட நான் பேசுறேன்.”

“இருக்கட்டுங்க ஐயா.”

நான் வீங்கின என் விரல்களை மறைக்கப் பார்த்தேன். அதற்குள் கண்டுவிட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் வீங்கிய கையால் என் கையைப் பிடித்தார்.

“அழுகை வருதாங்க ஐயா?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

“எனக்கும் வந்துச்சுங்க. அன்னைக்கு வரிசையில நிக்கிறப்பவும் வந்துச்சு.”