எழுந்திருக்காத மாப்பிள்ளை

இபாதான் நகரத்துச் சந்தையில் மீன் விற்கும் இபிரோங்கேயிடம் யாரும் வாயைக் கொடுக்க மாட்டார்கள். புகைபோட்ட மீனைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தால் போதும், கூடையை மூடிவிடுவாள். அவ்வளவு கோபமும் மீன் வாங்க வந்தவர்கள் தலையில்தான் விடிந்தது. அந்தக் கோபத்தை வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியவளோ வீட்டில் சௌக்கியமாக இருந்தாள். அவள்தான் நாத்தனார் அபேகே.

இபிரோங்கே பிறந்தது கடலோர இலாஜேயில், தண்ணீருக்கு மேலே கால் நட்டுக் கட்டிய வீட்டில். ஓடைக்கு அக்கரையில் இத்செகிரிக்காரர்கள். அவர்கள் பேசுவது வேறு மொழி. ஆனாலும் சின்ன வயசில் அவர்களோடு சண்டை போடக்கூட அவளுக்கு வார்த்தைக்குப் பஞ்சம் வந்ததில்லை. இபாதானுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான், யொரூபா பேசுகிற ஊரில், யொரூபாக்காரியான அவள் ஊமையானாள். இலாஜேயில் பேசுவதும் யொரூபாதான், ஆனால் வழக்கு வேறு. இங்கே வீட்டுக்கு 'இலே' என்று பேர். அவள் ஊரில் அதே சொல் உகரத்தில் தொடங்கும். மற்ற சொற்களில் பாதிக்கு அந்த ஒட்டுறவும் கிடையாது.

புகுந்த வீட்டில் புருஷனோடு பிறந்தவர்களைப் பேர் சொல்லி அழைக்கக் கூடாது; மருமகள்தான் அவர்களுக்குச் செல்லப்பேர் வைக்க வேண்டும். முறைப்படி அபேகேவுக்கு 'வீட்டழகி' என்று வைத்தாள், தன் ஊர்ச் சொல்லில். கூடமே சிரித்தது.

"இது என்னடி பாஷை, தவளை கத்துறாப்புல? ஏ ஓடைக்காரி, மனுஷங்க பேசுற யொரூபா உனக்கு வராதா?" என்றாள் அபேகே.

இபாதான்காரர்கள் வாயிலிருந்து வந்தால்தான் அது யொரூபா போலிருக்கிறது! அன்றைக்கே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. முப்பது வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு அவர்கள் பேச்சையே பேசினாள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகும் பேர் மாறவில்லை, ஓடைக்காரிதான்.

மகள் மொரேனிகேவின் நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளை அடெகோயே பெரிய இடம். அவனும் தோழர்களும் பெண்வீட்டார் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். பெண்ணின் தாய் சொன்னால்தான் எழுந்திருக்கலாம். அவர்கள் விழுகிற நேரம் பார்த்து அபேகே காதருகில் குனிந்தாள்.

"எழுந்திருன்னு ஒரே ஒரு வார்த்தை. உன் ஓடைப் பேச்சை எடுத்து விட்டு எங்க மானத்தை வாங்கிடாதே, ஆமா."

இபிரோங்கேவுக்கு உச்சந்தலை கொதித்தது. மகள் நிச்சயதார்த்தத்திலுமா? எழுந்தாள். ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள், இலாஜேச் சொல்லாக. கணீரென்று சொன்னாள்.

ஒருவனும் அசையவில்லை. கஞ்சி போட்ட அங்கிகளோடு வரிசையாகத் தரையில் கிடந்தார்கள். மறுபடி சொன்னாள். மாப்பிள்ளை தலையை மட்டும் தூக்கிப் பேந்தப் பேந்த விழித்தான்.

பெண்வீட்டுக்காகப் பேச அமர்த்தியிருந்த பேச்சுக்காரி மைக்கைப் பிடித்தாள். "மாப்ளே, அப்படியே கிட! மாமியாருக்கு இன்னும் மனசு இறங்கல!"

பந்தல் கைகொட்டிச் சிரித்தது. கிடக்கட்டும், நன்றாகக் கிடக்கட்டும் என்றிருந்தது இபிரோங்கேவுக்கு. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் சொல்லுக்காக ஒரு சபை காத்திருந்தது. மூன்றாம் முறையும் சொன்னாள்.

மாப்பிள்ளையின் அம்மா பொறுமையிழந்து எழுந்தாள். "இடுப்பு போயிடும் பிள்ளைக்கு! அந்தம்மா என்னதான் சொல்றாங்க? பொண்ணைக் கேளுங்க."

வாசலில் முக்காட்டோடு நின்ற மொரேனிகேயிடம் மைக்கை நீட்டினார்கள். "உங்கம்மா பாஷைதானே? சொல்லும்மா."

அவள் முக்காட்டை விலக்கித் தாயைப் பார்த்தாள். "எனக்குத் தெரியாதே," என்றாள். "அம்மா எங்கிட்ட ஒரு நாளும் இப்படிப் பேசினதில்லை."

அபேகே இல்லாத நேரம் எத்தனை! அடுப்படியில், சந்தையில், பாலூட்டும்போது. அங்கெல்லாம் யார் வாயைப் பொத்தினார்கள்? அத்தனை காலம் பிறர் மேல் போன கோபம் மொத்தமும் திரும்பி அவள் மேலேயே விழுந்தது.

இபாதான் சொல்லில் எழுந்திருக்கச் சொன்னாள். மாப்பிள்ளை துள்ளி எழுந்தான். எல்லாரையும்விட அபேகேதான் பலமாகக் கை தட்டினாள்.

"தட்டுங்க அண்ணி, நல்லாத் தட்டுங்க," என்றாள் இபிரோங்கே. "நீங்க என் வாயைத்தான் அடைச்சீங்க. என் பொண்ணு காதை நானே அடைச்சுட்டேன்."